லோடிங் காட்டி: சுழல விடுவதும் சரியாக நிறுத்துவதும்

வெப் அப்ளிகேஷன் ஒன்றில் ஒருவர் ‘தேடு’ பட்டனை அழுத்துகிறார். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்விட்டது; பதில் வர 3 விநாடி ஆகும். திரையில் ஓர் அசைவும் இல்லை. அழுத்தியது பதியவில்லையோ என்று மறுபடி அழுத்துகிறார், பிறகு இன்னொரு முறை. ஒரே தேடலுக்கு இப்போது மூன்று ரிக்வெஸ்ட்கள். தேடல் என்பதால் சர்வருக்கு வீண் வேலை, அவ்வளவுதான். அதே இடத்தில் பணம் கட்டும் படிவம் இருந்தால் ஒரே தொகை இரண்டு தடவை கழிந்துவிடலாம்.

இதைத் தடுக்கத்தான் லோடிங் காட்டி. சுழலும் வட்டத்தை வரைய சிஎஸ்எஸ்ஸில் பத்து வரி போதும், அதை யாரும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். புதிதாக எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது வேறு இடங்களில்: காட்ட வேண்டாத நேரத்தில் வட்டம் பளிச்சென்று வந்து மறைகிறது, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வரைவதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, காட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் கூடுதல் இடம் தருகிறோம்.

எடுத்துக்காட்டாக நூலகப் பட்டியலில் நூல் தேடும் பக்கம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு இன்புட் பெட்டி, ஒரு ‘தேடு’ பட்டன், கீழே முடிவுகள் வரும் பகுதி. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் அடிப்படை தெரிந்தால் போதும். மொழியின் கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஃபங்ஷன், வேரியபிள் பெயர்கள் அப்படியல்ல. ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைத் தமிழ் எழுத்திலேயே ஏற்கும். அதனால் ‘காட்டு’, ‘மறை’, ‘நிலுவை’ என்று கீழே வரும் பெயர்களை அப்படியே பயன்படுத்தலாம்.

எவ்வளவு தாமதத்துக்கு என்ன காட்டுவது

காத்திருப்புக்கு மூன்று எல்லைகள் உண்டு. கணினியின் பதில் நேரம் பற்றி 1968-இல் ஐபிஎம்மின் ராபர்ட் மில்லர் எழுதியதன் தொடர்ச்சியாக, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துத் தந்தவை அவை. இன்றும் அவற்றை வைத்தே வடிவமைக்கிறார்கள். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

இதை நம் பக்கத்துக்குப் பொருத்தினால் முடிவெடுப்பது எளிது. கால் விநாடிக்குள் முடியும் வேலைக்கு வட்டமே வேண்டாம். ஒன்று முதல் சில விநாடி வரை ஆகும் வேலைக்குச் சுழல் வட்டம் போதும். பத்து விநாடிக்கு மேல் போகக்கூடிய ஃபைல் அப்லோட், ஏற்றுமதி போன்றவற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் முன்னேற்றப் பட்டை வேண்டும். நீண்ட வேலைக்கு வெறும் வட்டத்தை மட்டும் சுற்ற விட்டால், அது உயிரோடிருக்கிறதா செத்துவிட்டதா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

எச்டிஎம்எல்: மூன்று துண்டுகள்

முடிவுகள் வரும் பகுதியைச் சுற்றி ஒரு டிவ் போடுங்கள். அதற்குள் மூன்று துண்டுகள் இருக்க வேண்டும். முதலாவது வட்டம்: வெறுமையான ஒரு டிவ், தொடக்கத்திலேயே ஹிடன் என்ற பண்போடு. அது வெறும் அலங்காரம் என்பதால் ஏரியா-ஹிடன் மதிப்பை ட்ரூ என்று வையுங்கள். இரண்டாவது நிலைவரி: ரோல் மதிப்பு ஸ்டேட்டஸ் என்று தந்த, உள்ளே எதுவும் எழுதாத ஒரு பத்தி. மூன்றாவது முடிவுகளின் பட்டியல்.

வட்டத்தையும் நிலைவரியையும் ஏன் பிரிக்க வேண்டும்? பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்கு வட்டம் சுற்றுவது தெரியாது. நிலைவரியில் எழுத்து மாறும்போதுதான் அது வாய்விட்டுச் சொல்லும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அந்த வரி பக்கம் திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும். தேடல் தொடங்கிய பிறகு ஸ்டேட்டஸ் ரோலோடு புதிய டிவ் ஒன்றை எழுத்தும் கையுமாக நுழைத்தால் பல சமயம் அறிவிப்பே வராது. வரியை மறைத்து வைத்திருந்தாலும் அதே கதைதான். முதலில் வெற்று வரி, தேடல் தொடங்கும்போது ‘நூல்களைத் தேடுகிறோம்’ என்ற எழுத்து, முடிந்ததும் ‘12 நூல்கள் கிடைத்தன’. இந்த வரிசை மாறக் கூடாது.

பக்கத்தின் எச்டிஎம்எல் டேகில் லேங் மதிப்பு தமிழுக்குரிய ‘டிஏ’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்றே விட்டிருந்தால் ஸ்கிரீன் ரீடர் தமிழ் வரியை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று குழப்பிவிடும்.

எழுத்தில் என்ன சொல்வது என்பதற்கும் ஒரு வார்த்தை. ‘ஏற்றப்படுகிறது’ என்று எங்கும் ஒட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது. எது ஏற்றப்படுகிறது, எங்கே என்று படிக்கிறவருக்குப் புரியாது. ‘நூல்களைத் தேடுகிறோம்’, ‘படம் அனுப்பப்படுகிறது’, ‘ரசீது தயாராகிறது’ என்று நடக்கும் வேலையைச் சொல்லுங்கள்.

வட்டம் வரைதல்

டிவுக்கு அகலம் 40 பிக்சல், உயரம் 40 பிக்சல். பார்டர் 4 பிக்சல் கனத்தில் வெளிர் சாம்பல் நிறம். பார்டர்-டாப்-கலர் மட்டும் அடர் நீலம். பார்டர்-ரேடியஸ் 50 சதவீதம் என்றதும் சதுரம் வட்டமாகிவிடும். பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் என்று வைத்தால் கனமும் 40-க்குள் அடங்கும். பிறகு கீஃப்ரேம்ஸ் ஒன்றில் ‘டு’ என்ற நிலைக்கு ட்ரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட் 360 டிகிரி என்று எழுதி, அதை அனிமேஷனாக 0.8 விநாடி, லீனியர், இன்ஃபினிட் என்று டிவோடு இணையுங்கள். லீனியர் என்று சொல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து வண்டி மேடு ஏறி இறங்குவது போல இருக்கும்.

சுழற்றுவதற்கு ட்ரான்ஸ்ஃபார்ம்தான் சரி. லெஃப்ட், டாப், மார்ஜின் போன்றவற்றை அனிமேட் செய்தால் பிரவுசர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். ட்ரான்ஸ்ஃபார்முக்கு அது தேவையில்லை.

நீலத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 3-க்கு 1 இருக்கட்டும். எழுத்தல்லாத உறுப்புகளுக்கு, வெப் பக்கங்களை எல்லோரும் அணுகுவதற்கான வழிகாட்டு நெறிகளான டபிள்யுசிஏஜி கேட்கும் அளவு அது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் மஞ்சள் வட்டம் வைத்தால் வெயிலில் ஃபோனைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அசைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் கருவியில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ப்ரிஃபர்ஸ்-ரெடியூஸ்ட்-மோஷன் என்ற மீடியா குவெரியில் அது தெரியவரும். அங்கே அனிமேஷனை முழுதாக நிறுத்திவிடாதீர்கள். நின்றுபோன வட்டம் தொங்கிப்போன பக்கம் போலத் தெரியும். சுழற்சிக்குப் பதில் ஒபாசிட்டியை 1-க்கும் 0.4-க்கும் இடையே 1.5 விநாடியில் மெல்ல மாற்றுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, ஏறத்தாழ எல்லோரும் ஒரு முறை அதில் மாட்டுவார்கள். வட்டத்தை நடுவில் நிறுத்த அந்த டிவுக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் என்றோ கிரிட் என்றோ எழுதுவீர்கள். உடனே ஹிடன் பண்பு வேலை செய்யாமல் போய்விடும். எப்போதும் வட்டம் தெரியும். காரணம் எளியது. ஹிடன் என்பது பிரவுசரின் சொந்த ஸ்டைல்ஷீட்டில் உள்ள டிஸ்ப்ளே நன் என்ற விதிதான். நீங்கள் எழுதும் டிஸ்ப்ளே விதி அதை வென்றுவிடுகிறது. சிஎஸ்எஸ்ஸின் தொடக்கத்திலேயே, ஹிடன் பண்புள்ள எதற்கும் டிஸ்ப்ளே நன் என்று இம்பார்ட்டன்ட் குறியோடு ஒரு விதி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் எழுத்துரு. நிலைவரியை அழகான வெப் ஃபான்ட் ஒன்றில் வைத்திருக்கிறீர்கள். அந்த ஃபான்ட் இன்னும் இறங்கவில்லை. அதுவரை, சுமார் 3 விநாடி, பிரவுசர் அந்த எழுத்தைக் காட்டாமல் இடத்தை வெறுமையாக விட்டிருக்கும். காத்திருக்கச் சொல்லும் வரியே காத்திருக்கிறது! ஃபான்ட்-டிஸ்ப்ளே மதிப்பை ஸ்வாப் என்று தாருங்கள். அல்லது நிலைவரிக்கு மட்டும் கருவியிலேயே உள்ள எழுத்துருக்களைச் சொல்லுங்கள்: விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என்.

தொடங்கவும் நிறுத்தவும்

இனி ஜாவாஸ்கிரிப்ட். ‘காட்டு’, ‘மறை’ என்று இரண்டு ஃபங்ஷன்கள். முதலில் எளிய வடிவம்: காட்டு வட்டத்தின் ஹிடனை ஃபால்ஸ் ஆக்கும், மறை அதை ட்ரூ ஆக்கும். தேடலை நடத்தும் அசிங்க் ஃபங்ஷன் இந்த வரிசையில் இருக்கட்டும்:

முதலில் காட்டு.
ட்ரை: அவெய்ட் போட்டு ஃபெட்ச், பதிலின் ஓகே மதிப்பைச் சோதி, அவெய்ட் போட்டு ஜேசனைப் பிரி, முடிவுகளை எழுது.
கேட்ச்: பிழைச் செய்தியை எழுது.
ஃபைனலி: மறை.

மறை என்ற அழைப்பு ஃபைனலியில் மட்டுமே இருக்க வேண்டும். முடிவுகளை எழுதியதற்கு அடுத்த வரியில் அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. உங்கள் மேசையில் எல்லாம் நன்றாக ஓடும். நெட்வொர்க் அறுந்த முதல் நாளிலேயே எரர் எழுந்து, அந்த வரியைத் தொடாமல் வெளியேறிவிடும். வட்டம் முடிவில்லாமல் சுற்றும். ஃபைனலி என்றால் வெற்றி, தோல்வி, நடுவில் ரிட்டர்ன் எதுவானாலும் அந்த வரி நடந்தே தீரும்.

ஓகே சோதனையை விட்டுவிடாதீர்கள். சர்வர் 404 அல்லது 500 என்று பதில் தந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. பதில் வந்துவிட்டது, அதன் கணக்கில் வேலை முடிந்தது. நெட்வொர்க்கே கிடைக்காதது போன்ற நிலைகளில்தான் அது எரர் எறியும். ஓகே ஃபால்ஸ் என்றால் நீங்களே ஒரு எரரை எறிந்து கேட்சுக்கு அனுப்ப வேண்டும்.

அவெய்ட் பற்றி நுட்பமான ஒன்று. ட்ரைக்குள் ‘ரிட்டர்ன் ஃபெட்ச்’ என்று அவெய்ட் இல்லாமல் எழுதினால், ஃபெட்ச் தொடங்கிய கணமே ப்ராமிஸ் திரும்பிவிடும், ஃபைனலி அங்கேயே ஓடிவிடும். பதில் வரும் முன்பே வட்டம் மறைந்துவிடும். ‘என் வட்டம் தெரியவே மாட்டேன் என்கிறது’ என்று கேட்பவர்களில் பலருக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். பதிலின் உடலைப் பிரிக்கும் ஜேசன் அழைப்புக்கும் அவெய்ட் உண்டு. பதிலின் ஹெடர்கள் வந்ததுமே ஃபெட்ச் முடிந்துவிடும். பெரிய பட்டியலின் உடல் அதற்குப் பிறகுதான் இறங்கும்.

முடிவுகள் பகுதிக்கு ஏரியா-பிஸி என்ற பண்பையும் காட்டும்போது ட்ரூ, மறைக்கும்போது ஃபால்ஸ் ஆக்கலாம். ஃபால்ஸ் ஆக்க மறந்தால் சில ஸ்கிரீன் ரீடர்கள் அந்தப் பகுதியையே படிக்காமல் விட்டுவிடக்கூடும். எனவே அதையும் காட்டு, மறை இரண்டுக்குள்ளேயே வையுங்கள்.

மின்னி மறையும் வட்டம்

எளிய வடிவத்தோடு நின்றால் ஒரு குறை கண்ணை உறுத்தும். நல்ல இணைப்பில் பதில் 120 மில்லி விநாடியில் வந்துவிடும். வட்டம் தோன்றி, கண் அதைப் பிடிக்கும் முன் மறையும். ஒவ்வொரு தேடலுக்கும் திரை சிமிட்டுவது போல இருக்கும். உண்மையில் வேகமான பக்கம் தடுமாறும் பக்கமாகத் தோன்றும்.

அதனால் காட்டு அழைக்கப்பட்டதும் வட்டத்தைக் காட்டாமல் செட்டைம்அவுட் மூலம் 300 மில்லி விநாடிக்கு ஒரு டைமர் வையுங்கள். அதற்குள் மறை வந்துவிட்டால் கிளியர்டைம்அவுட் மூலம் டைமரை நீக்கிவிடலாம், வட்டம் தலைகாட்டவே காட்டாது. இதில் இன்னொரு ஓரம் இருக்கிறது: பதில் 340-இல் வந்தால் வட்டம் 300-இல் தோன்றி 40 மில்லி விநாடியில் மறையும், மறுபடி அதே சிமிட்டல். ஆகவே ஒரு முறை தோன்றிய வட்டம் குறைந்தது 500 மில்லி விநாடி நிற்க வேண்டும் என்று வையுங்கள். தோன்றும்போது பெர்ஃபார்மன்ஸ் நௌ தரும் நேரத்தைக் குறித்துவைத்து, மறைக்கும்போது கழித்துப் பார்த்து, மீதி நேரத்துக்கு டைமர் வைத்து மறைத்தால் போதும். முடிவுகளை மட்டும் பிடித்து வைக்காதீர்கள். அவை வந்தவுடன் பட்டியலில் எழுதுங்கள். வட்டம் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்ட்கள் போகும் பக்கம். நூல் பட்டியலும் வகைப் பட்டியலும் சேர்ந்து இறங்குகின்றன. ட்ரூ, ஃபால்ஸ் என்று ஒரே வேரியபிளை வைத்திருந்தால், முதலில் முடிந்தது வட்டத்தை அணைத்துவிடும். இரண்டாவது இன்னும் வந்துகொண்டிருக்கும். ‘நிலுவை’ என்ற எண்ணை 0-இல் தொடங்குங்கள். காட்டு வரும்போது ஒன்று கூடும், மறை வரும்போது ஒன்று குறையும். எல்லாம் சேர்ந்த முழு வடிவம்:

காட்டு: நிலுவையில் 1 கூட்டு. நிலுவை இப்போது 1 என்றால், வட்டமும் தெரியவில்லை என்றால், 300-க்கு டைமர் வை. டைமர் அடிக்கும்போது ஹிடனை எடு, நேரத்தைக் குறி.

மறை: நிலுவையில் 1 குறை. இன்னும் 0-க்கு மேல் இருந்தால் திரும்பிவிடு. தொடக்க டைமரை நீக்கு. வட்டம் தெரியவில்லை என்றால் திரும்பிவிடு. 500-இல் மீதி எவ்வளவு என்று கணக்கிட்டு (0-க்குக் கீழே போனால் 0) அந்த நேரத்துக்கு டைமர் வை. அது அடிக்கும்போது நிலுவை 0-ஆக இருந்தால் மட்டும் ஹிடனைப் போடு.

கடைசி வரியின் ‘மட்டும்’ முக்கியம். அந்த அரை விநாடிக்குள் அடுத்த தேடல் தொடங்கியிருக்கலாம்; சோதிக்காமல் மறைத்தால் புதிய தேடலுக்கு வட்டம் இல்லாமல் போகும்.

தட்டச்சின்போதே தேடினால்

பட்டன் இல்லாமல், அடிக்க அடிக்கத் தேடும் பெட்டி என்றால் சிக்கல் கூடும். ‘மதுரை’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் ஐந்து முறை இன்புட் நிகழ்வு எழலாம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் அதற்கு மேலும் எழும், நடுவே அரைகுறைச் சொற்களும் வரும். ஒவ்வொன்றுக்கும் ரிக்வெஸ்ட் அனுப்பினால் வட்டம் துடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசி விசைக்குப் பிறகு 300 மில்லி விநாடி அமைதி இருந்தால் மட்டும் தேடுங்கள். டிபௌன்ஸ் என்பது இதுதான்: ஒவ்வொரு விசைக்கும் பழைய டைமரை நீக்கிப் புதிது வைப்பது. இன்புட் நிகழ்வின் இஸ்கம்போஸிங் மதிப்பு ட்ரூ என்றால் சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அப்போது தேட வேண்டாம், கம்போஸிஷன்எண்ட் நிகழ்வு வரட்டும். ஆண்ட்ராய்டின் சில விசைப்பலகைகள் சொல் முடியும்வரை அந்த நிலையிலேயே இருக்கும். மொபைலில் சோதித்துப் பார்த்து, தேடல் தொடங்கவே தாமதமானால் அந்தச் சோதனையை எடுத்துவிட்டு டிபௌன்ஸை மட்டும் நம்புங்கள்.

பதில்கள் அனுப்பிய வரிசையிலேயே திரும்பும் என்ற உறுதி கிடையாது. ‘மது’வுக்கான பதில் ‘மதுரை’க்கான பதிலுக்குப் பின்னால் வந்தால், பெட்டியில் மதுரை, கீழே மதுவுக்கான நூல்கள். ஒவ்வொரு தேடலுக்கும் அபார்ட்கண்ட்ரோலர் ஒன்றை உருவாக்கி அதன் சிக்னலை ஃபெட்சுக்குத் தாருங்கள். புதிய தேடல் தொடங்கும்போது பழையதை அபார்ட் செய்யுங்கள். நிறுத்தப்பட்ட ஃபெட்ச், அபார்ட்எரர் என்ற பெயரோடு கேட்சில் வந்து விழும். அந்தப் பெயருக்குப் பிழைச் செய்தி காட்டக் கூடாது, பேசாமல் விட்டுவிட வேண்டும். அதன் ஃபைனலியும் நடப்பதால் நிலுவைக் கணக்கு தானே சரியாகும். காட்டு என்ற அழைப்பு மட்டும் அபார்ட்டுக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும். நடுவில் ஏதாவது அவெய்ட் நுழைந்தால் நிலுவை ஒரு கணம் 0-ஐத் தொட்டுவிடும்.

வட்டம் உறைந்து நிற்கிறதா

வட்டம் தோன்றிப் பாதியில் உறைந்துவிட்டால், அல்லது தோன்றவே இல்லை என்றால், நெட்வொர்க்கைக் குறை சொல்லும் முன் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டைப் பாருங்கள். பிரவுசர் உங்கள் நிரலையும் பக்கத்தை வரையும் வேலையையும் ஒரே இழையில் (த்ரெட்) செய்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லி விநாடிதான். 5,000 நூல்களை ஒரே மூச்சில் பட்டியலில் எழுதினால் அவ்வளவு நேரமும் திரை அசையாது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் ட்ரான்ஸ்ஃபார்ம் அனிமேஷன் பெரும்பாலும் தனி இழையில் ஓடுவதால் தப்பிக்கும். ஹிடனை எடுத்த அடுத்த வரியிலேயே கனமான கணக்கைத் தொடங்கினால் அந்த வட்டம் வரையப்படவே இல்லை. கணக்கு முடிந்து, மறை நடந்த பிறகுதான் பிரவுசருக்கு வரைய நேரம் கிடைக்கிறது.

கணக்கைத் தொடங்கும் முன் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை அழைத்து இடைவெளி விட்டால் வட்டம் வரையப்பட்டுவிடும். நிலையான தீர்வு வேலையைக் குறைப்பது: 50 நூல்களாகப் பிரித்துக் காட்டுங்கள், உண்மையிலேயே கனமான கணக்கை, தனி இழையில் ஓடும் வெப் வொர்க்கருக்கு மாற்றுங்கள்.

பட்டன்

தேடல் நடக்கும்போது மறு அழுத்தத்தைத் தடுக்கும் சோதனையைப் பட்டனின் கிளிக்கில் வைக்காதீர்கள். எண்டர் விசையை அழுத்தினாலும் படிவம் போகும். எனவே படிவத்தின் சப்மிட் நிகழ்வில் வையுங்கள். பட்டனை டிஸேபிள்ட் ஆக்கினால் விசைப்பலகையில் இயங்குபவரின் ஃபோகஸ் தொலைந்துபோகலாம். ஏரியா-டிஸேபிள்ட் மதிப்பை ட்ரூ ஆக்கிவிட்டு, சப்மிட்டில் கண்டுகொள்ளாமல் விடுவது மேல். பணப் பரிவர்த்தனைக்கு இது போதாது. ஒரே ரிக்வெஸ்ட் இருமுறை வந்தால் அடையாளம் காணும் வழி சர்வரிலும் இருக்க வேண்டும்.

‘தேடு’ என்பது ‘தேடுகிறோம்’ என்று மாறினால் பட்டன் நீண்டு பக்கத்தில் உள்ளவற்றைத் தள்ளும். நீளமான சொல்லுக்கு ஏற்ற மின்-விட்த் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

முன்னேற்றப் பட்டையும் எலும்புக்கூடும்

ஃபைல் அனுப்பும்போது எத்தனை பைட் போனது என்று ஃபெட்ச் சொல்லாது. அதற்கு பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்தான் வேண்டும். அதன் அப்லோட் பொருளில் ப்ராக்ரஸ் நிகழ்வைக் கேட்டால் லோடட், டோட்டல் என்ற இரண்டு எண்கள் கிடைக்கும். ப்ராக்ரஸ் என்ற எச்டிஎம்எல் டேகில் அவற்றை வேல்யூ, மேக்ஸ் என்று கொடுங்கள். 100 சதவீதம் என்றால் பைட்கள் போய்ச் சேர்ந்தன என்றுதான் பொருள். சர்வர் அதைச் சேமித்துப் பதில் தர இன்னும் சில விநாடி ஆகலாம். பட்டை நிறைந்ததும் வேல்யூ பண்பை நீக்குங்கள், பட்டை அளவு தெரியாத நிலைக்கு மாறும். நிலைவரியில் ‘சர்வர் சரிபார்க்கிறது’ என்று எழுதுங்கள்.

டவுன்லோட் செய்யும்போது வேறொரு ஏமாற்று உண்டு. சர்வர் ஜிஸிப் முறையில் சுருக்கி அனுப்பினால் கன்டென்ட்-லெங்த் சொல்வது சுருக்கிய அளவு. நீங்கள் ஸ்ட்ரீமில் எண்ணுவதோ விரித்த பைட்களை. பட்டை 300 சதவீதத்துக்குப் போய் நிற்கும். மொத்த அளவு சரியாகத் தெரியாதபோது சதவீதம் காட்டாமல் இருப்பதே நேர்மை. டைமர் வைத்து 90 வரை பொய்யாக நகர்த்துவதைத் தவிருங்கள். அங்கேயே அது அசையாமல் நிற்கும்போது பார்ப்பவர் வேறெதையும் நம்பமாட்டார்.

வடிவமைப்பாளர் லூக் ரோப்லெவ்ஸ்கி 2013-இல் பெயரிட்ட ஸ்கெலட்டன், அதாவது வரப்போகும் பட்டியலின் வடிவத்தில் சாம்பல் கட்டங்கள், பக்கம் முதலில் திறக்கும்போது பொருத்தம். கட்டங்களின் உயரம் உண்மையான வரிகளின் உயரத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவுகள் வந்ததும் பக்கம் துள்ளும். கூகுளின் வெப் வைட்டல்ஸ் அளவீட்டில் இந்தத் துள்ளல் சிஎல்எஸ் என்ற பெயரில் எண்ணப்படுகிறது, 0.1-க்குள் இருந்தால் நல்லது. தமிழ் வரிகள் ஆங்கிலத்தைவிட உயரமாக அமைவதுண்டு, ஆங்கில மாதிரியில் இருந்து எடுத்த உயரத்தை அப்படியே வைக்காதீர்கள்.

பதிலே வராவிட்டால்

காத்திருப்புக்கு ஓர் எல்லை வையுங்கள். அபார்ட்சிக்னல் டைம்அவுட்டுக்கு 15,000 என்று கொடுத்தால் 15 விநாடியில் ஃபெட்ச் நின்று டைம்அவுட்எரர் எழும். முன்னே சொன்ன அபார்ட் சிக்னலும் இதுவும் சேர்ந்து வேண்டுமானால் அபார்ட்சிக்னல் எனி இரண்டையும் இணைக்கும். டைம்அவுட்எரருக்குச் செய்தி காட்ட வேண்டும்: ‘சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. உங்கள் இணைப்பைப் பார்த்துவிட்டு மீண்டும் முயலுங்கள்’, பக்கத்தில் ஒரு ‘மீண்டும் முயல்’ பட்டன். பெட்டியில் அடித்த சொல் அழியாமல் இருக்க வேண்டும். 5 விநாடி தாண்டும்போதே நிலைவரியை ‘இன்னும் தேடுகிறோம், வழக்கத்தைவிட நேரமாகிறது’ என்று மாற்றினால் பலர் பொறுத்திருப்பார்கள்.

படிவம் முழுப் பக்கத்தையே மாற்றும் வகையானால், அடுத்த பக்கத்துக்குப் போய் பிரவுசரின் ‘பின்செல்’ பட்டனை அழுத்தித் திரும்பும்போது வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். பிரவுசர் பக்கத்தை இருந்த நிலையிலேயே நினைவில் வைத்துத் திருப்பித் தருவதன் விளைவு இது. பேஜ்ஷோ நிகழ்வில் பெர்சிஸ்டட் ட்ரூ என்றால் நிலுவையை 0 ஆக்கி, வட்டத்தை மறைத்து, பட்டனை மீட்டுவிடுங்கள்.

சோதித்தல்

உங்கள் கணினியில் சர்வரும் அங்கேயே இருப்பதால் பதில் உடனே வரும்; வட்டத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் தாவலில் உள்ள த்ராட்லிங் பட்டியலில் 3ஜி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டம் தோன்றி, பதில் வந்ததும் மறைகிறதா? அதே பட்டியலில் ஆஃப்லைன் வைத்துத் தேடுங்கள்: வட்டம் நின்று பிழைச் செய்தி வர வேண்டும். சர்வர் நிரலில் தற்காலிகமாக 500 திருப்பி அனுப்பச் செய்து பாருங்கள். பிறகு 340 மில்லி விநாடி தாமதம் வைத்துச் சிமிட்டல் இருக்கிறதா என்றும், 20 விநாடி வைத்து 15-இல் நிற்கிறதா என்றும் பாருங்கள். தேடல் நடக்கும்போதே பட்டனைப் பத்து முறை அழுத்தி, நெட்வொர்க் தாவலில் எத்தனை ரிக்வெஸ்ட் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். கன்சோலில் நிலுவையை அச்சிட்டுப் பாருங்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு அது 0 ஆக இருக்க வேண்டும். 1 என்றால் ஏதோ ஒரு வழியில் மறை விடுபட்டிருக்கிறது, −1 என்றால் எங்கோ இருமுறை அழைக்கப்படுகிறது.

கடைசியாக, விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை ஓட விட்டு, திரையை அணைத்துவிட்டு ஒரு முறை தேடிப் பாருங்கள். ‘நூல்களைத் தேடுகிறோம்’ என்பதும் ‘12 நூல்கள் கிடைத்தன’ என்பதும் காதில் விழ வேண்டும்.